வாயிற்கதவும் காப்பு மருந்தும்: மலாக்கா மண் தரும் பாடம்

திருமறைக்காட்டில் வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுச் சென்ற திருக்கதவத்தைத் திருநாவுக்கரசர் பாடித் திறப்பித்தார். திருஞானசம்பந்தர் பாடி அடைப்பித்தார். சைவ உலகம் நன்கறிந்த வரலாறு இது. கோயிற் கதவு வெறும் மரப்பலகையன்று. உலக வாழ்வையும் இறைவன் திருமுன்னையும் இடைநின்று பிரிப்பதும் அதுவே, இணைப்பதும் அதுவே. அன்பர்கள் உள்ளே புகும்போது முதலில் கைவைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நிலைக்காலையும் படியையுமே. அத்துணைச் சிறப்புடைய கதவை மழையும் வெயிலும் கறையானும் தின்றுவிடாமல் காப்பது எங்ஙனம் என்பது ஆலயப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

மலாக்காவில் இதற்கொரு சான்று நகரின் நடுவிலேயே நிற்கிறது. 1511-ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியர் இந்நகரைக் கைப்பற்றிய பின் எழுப்பிய கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது சந்தியாகோ வாயில் ஒன்றே. 1641-இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் கம்பெனியின் சின்னத்தையும் 1670 என்னும் ஆண்டையும் அதன் நெற்றியில் பொறித்தனர். ஆங்கிலேயர் 1807-இல் கோட்டையை இடிக்கத் தொடங்கினர். ராஃபிள்ஸ் இடையிட்டதால் வாயில் மட்டும் தப்பியது. உலகெங்கிலுமிருந்து வருவோர் அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். ஆயினும் அவ்வாயிலில் கதவு இல்லை. கல் நின்றது, மரம் நிற்கவில்லை. மரத்தை நிற்கச் செய்ய மனிதர் எடுத்த முயற்சிகளின் வரலாறே ஈண்டுக் கூறப்படுகிறது.

மரத்தின் பகைவர்

நோயறிந்து மருந்து தரவேண்டும் என்பது நம் முன்னோர் நெறி. மரக்கதவுக்கு வரும் நோய் மூன்று.

முதலாவது ஈரம். மலாக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. மழைநீர் தானாக மரத்தை அழிப்பதில்லை. ஈரம் தங்கிய மரத்தில் குடியேறும் பூஞ்சையே அதனை உளுத்துப்போகச் செய்கிறது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்குமாயின் பூஞ்சை வளர இயலாது. ஆகவே கதவை உலர்ந்த நிலையில் வைத்திருப்பதே தலையாய காப்பு.

இரண்டாவது கறையான். நிலத்தினின்று மண்குழாய் அமைத்து ஏறிவரும் கோப்டோடெர்மெஸ் என்னும் இனமே இந்நாட்டில் பெருங்கேடு விளைப்பது. அவ்வினத்தில் ஒருவகை தோட்டங்களில் உயிருள்ள ரப்பர் மரத்தையே உட்புறமாக அரித்துச் சாய்த்துவிடும். மற்றொரு வகை வீடுகளிலும் கோயில்களிலும் புகுந்துவிடும். மேற்பூச்சுப் பளபளக்க, உள்ளே கூடாகிப்போன நிலைக்காலைத் தட்டிப் பார்த்தபின்னரே உணர்ந்த ஆலயங்கள் பல.

மூன்றாவது வெயில். கதிரவனின் ஒளி மரத்தின் மேற்பரப்பைச் சிதைத்து நரைக்கச் செய்கிறது. வெயிலில் சுருங்கியும் மழையில் விரிந்தும் மரம் வெடிக்கிறது. அவ்வெடிப்பின் வழியே ஈரமும், ஈரத்தைத் தொடர்ந்து பூஞ்சையும் உட்புகுகின்றன.

இம்மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை. பூஞ்சையைத் தடுக்கும் மருந்து வெயிலைத் தடுக்காது. வெயிலைத் தடுக்கும் வண்ணம் கறையானைத் தடுக்காது. இவ்வேறுபாட்டை மறந்து ஒரே பூச்சில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கருதுவதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம்.

துறைமுக நகரின் பழைய முறை

மலாக்கா கடல் வணிகத்தால் பிறந்த நகரம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்கள் சுல்தான்களின் காலத்திலேயே இங்குத் தங்கி வாழ்ந்தனர். அவர்தம் வழிவந்த மலாக்காச் செட்டி மக்கள் காஜா பேராங் பகுதியில் இன்றும் தம் சமயத்தைப் போற்றி வருகின்றனர். ஒல்லாந்தர் ஆட்சியில், 1781-இல், அச்சமூகத்தார் எழுப்பிய அருள்மிகு பொய்யாத விநாயகர் ஆலயம் தங்கக் கொல்லர் தெருவில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதே தெருவில் 1748-இல் மரத்தால் கட்டப்பெற்று 1872-இல் செங்கல்லால் மீண்டும் எழுப்பப்பெற்ற கம்போங் கிளிங் பள்ளிவாசலும் நிற்கிறது. ஒரு நூற்றாண்டும் சில பத்தாண்டுகளும் கடந்தபின் மரம் செங்கல்லுக்கு இடம் தந்த செய்தி நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது.

மரக்கலத்தைக் காத்த மருந்துகளே மரக்கதவையும் காத்தன. தமிழகத்துக் கடற்கரையில் புன்னை எண்ணெயும் மீன் எண்ணெயும் படகுகளுக்குப் பூசப்பட்டன. குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயோடு காய்ச்சிப் பலகைகளின் இடைவெளிகளை அடைத்தனர். மலாய்த் தீவுகளில் கெருயிங் மரத்தினின்று வடியும் எண்ணெயும் ‘டாமார்’ என்னும் மரப்பிசினும் அதே பணியைச் செய்தன. பெயரே வேறு, பொருள் ஏறத்தாழ ஒன்று. நாம் குங்கிலியம் என்பதும் அவர்கள் டாமார் என்பதும் பெரும்பாலும் ஒரே தாவரக் குடும்பத்து மரங்களின் பிசினேயாகும். தாலியை விற்றும் குங்கிலியத் தூபத் தொண்டைக் கைவிடாத குங்கிலியக் கலய நாயனாரைப் போற்றும் மரபினர் இப்பொருளை நறும்புகைக்குரியதாக மட்டுமே அறிவர். அதுவே நீர் புகாமல் மரத்தை மூடும் காப்பாகவும் விளங்கிற்று.

இந்நாட்டுப் பிசின்களுள் மிக உயர்ந்ததாக மதிக்கப்பெற்ற ‘டாமார் பெனாக்’ எந்த மரத்தினின்று கிடைக்கிறது என்பது வியப்புக்குரியது. வாயிற்கதவுகளுக்கும் தூண்களுக்கும் தலைசிறந்ததெனக் கருதப்படும் செங்கால் மரமே அதனைத் தருகிறது. கன மீட்டர் ஒன்றுக்கு 900 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடைய இம்மரத்தின் வைரப்பகுதி, தன்னைத்தானே காத்துக்கொள்ளும் பொருள்களைத் தன்னுள்ளேயே கொண்டது.

தச்சர் அறிந்த முதல் மருந்து

எண்ணெய் பூசுவதற்கு முன்னரே தச்சர் செய்துவைத்த காப்புகள் சில உண்டு. முதலாவது, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் கொண்டு வெளிறு நீக்குதல். எத்துணை உயர்ந்த மரமாயினும் அதன் வெளிறு கறையானுக்கு இரையே. இரண்டாவது, நிலைக்காலை மண்ணில் ஊன்றாமல் கல்லின்மேல் நிறுத்துதல். மலாய் மக்களும் தம் வீட்டுத் தூண்களைக் கல்லின்மேலேயே நிறுத்தினர். மூன்றாவது, கதவின் குடுமி சுழலும் குழியைக் கல்லில் அமைத்தல். நான்காவது, வாயிலுக்கு மேல் நீண்ட இறவாரம் விட்டு மழைச்சாரல் படாமல் காத்தல்.

இவை எவற்றிலும் மருந்து இல்லை. ஆயினும் இவையே மருந்துகளுள் முதன்மையானவை. பிற்காலத்தில் சிமெண்டுத் தரையை உயர்த்திப் பூசியபோது பல இடங்களில் நிலைக்காலின் அடி சிமெண்டுக்குள் புதைந்தது. தரையைக் கழுவும் நீர் அங்கே தேங்கிற்று. பல்லாண்டு நின்ற நிலைக்கால் அதன்பின் அடியிலிருந்து உளுத்தது. அதற்கு மரமும் மருந்தும் பொறுப்பல்ல. நீர் வடிய வழிவிடாத கையே பொறுப்பு.

இருப்புப்பாதை தந்த கருநிற எண்ணெய்

மரக்காப்பு அறிவியலாக வளர்ந்தது இருப்புப்பாதையால். 1838-இல் ஜான் பெத்தல் என்னும் ஆங்கிலேயர் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். மூடிய இரும்புக் கலத்தில் மரத்தை இட்டு, அதனுள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, பின் மருந்தை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துவதே அம்முறை. நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்பெறும் கிரியோசோட்டு எண்ணெய் அவ்வாறு மரத்தின் உட்புறம்வரை ஊட்டப்பட்டது. தூரிகையால் பூசிய மருந்து மேலோடு நிற்கும். அழுத்தத்தால் ஊட்டிய மருந்து ஆழச்செல்லும். இன்றளவும் தொழிற்சாலைகளில் நடைபெறுவது சாரத்தில் இம்முறையே.

மலாயாவில் தண்டவாளங்களைத் தாங்கிய சிலிப்பர் கட்டைகளுக்குச் செங்கால் போன்ற வன்மரங்களும், கிரியோசோட்டு ஊட்டிய கெம்பாஸ் போன்ற மரங்களும் பயன்பட்டன. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கிளைப்பாதை அமைந்தது. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அந்தப் பாதையிலேயே மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் உயிர்நீத்தனர். போருக்குப்பின் மலாக்காக் கிளைப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை.

இருப்புப்பாதையிலிருந்து கழிக்கப்படும் சிலிப்பர் கட்டைகள் வேலிக்கால்களாகவும் வாயிற்கால்களாகவும் மறுவாழ்வு பெறுவது பல நாடுகளில் வழக்கம். அவை நெடுங்காலம் உழைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கிரியோசோட்டு வெயிலில் கசியும்; உடையில் படியும்; தோலை எரிக்கும். புற்றுநோய் விளைக்கத்தக்க பொருள்கள் அதில் உண்டெனப் பின்னர்த் தெளிவுற்றமையால், ஐரோப்பிய நாடுகள் 2003 முதல் பொதுமக்கள் அதனை வாங்கிப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. கைவைத்து வணங்கும் வாயிலுக்கு அது ஏற்றதன்று.

தோட்டப்புறங்களில் எளியோர் கைக்கொண்ட மற்றொரு முறை, வண்டிகளிலிருந்து வடித்த பழைய கருப்பு எண்ணெயைக் கட்டைகளில் பூசுவது. பணமின்மையால் பிறந்த வழக்கம் அது, பழிக்கத்தக்கதன்று. எனினும் அந்த எண்ணெய் மேலோடு நின்று தூசியைப் பிடித்துக்கொள்கிறது. அதிலுள்ள கேடுதரும் பொருள்கள் மழையில் கரைந்து மண்ணில் இறங்குகின்றன. கோயிற் கதவுக்கு அதுவும் விலக்கத்தக்கதே.

தேராதூனில் பிறந்த மருந்து

கதவும் கம்பமும் காக்கும் மருந்துகளின் வரலாற்றில் இந்தியர் ஒருவரின் பெயர் நிலைபெற்றுள்ளது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. தேராதூனில் உள்ள வன ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய சொந்தி காமேசன் என்பவர் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றின் உப்புகளைச் சேர்த்து ஒரு மருந்தை உருவாக்கினார். ஆர்சனிக், செம்பு ஆகியவற்றின் வேதியியற் குறியீடுகளை இணைத்து அதற்கு ‘அஸ்கு’ என்று பெயரிடப்பட்டது. 1938-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பின்னாளில் சி.சி.ஏ. என்ற பெயரில் உலகெங்கும் மின்கம்பம், தொலைபேசிக் கம்பம், வேலி, வாயில், பாலம் ஆகியவற்றைக் காத்த மருந்து இதுவே.

இதன் நுட்பம் பாராட்டுக்குரியது. செம்பு பூஞ்சையைத் தடுக்கும். ஆர்சனிக் கறையானைத் தடுக்கும். குரோமியம் அவ்விரண்டையும் மரநாரோடு பிணைத்து மழையில் கரைந்தோடாமல் நிறுத்தும். மயில்துத்தத்தையும் பாடாணத்தையும் சித்த மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். அவற்றை மரத்திற்குள் கட்டி நிறுத்தும் வகையைக் கண்டதே காமேசனின் அருஞ்செயல். மலேசியாவிலும் பதப்படுத்திய மரம் என்றாலே நெடுங்காலம் சி.சி.ஏ. ஊட்டிய மரம் என்றே பொருள்பட்டது.

இந்நாட்டு மரங்களின் இயல்பான உறுதியை அளக்கும் பணியும் அக்காலத்தில் நடைபெற்றது. 1929-இல் கெப்போங்கில் அமைந்த வன ஆய்வு நிலையத்தார் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் சதுரமும் 60 சென்டிமீட்டர் நீளமும் உடைய முளைகளை மண்ணில் நட்டு, அவை அழியும் காலத்தைக் கணக்கிட்டனர். வரிசையாக முளைகள் நிற்கும் தோற்றத்தால் இதனை ‘இடுகாட்டுச் சோதனை’ என்றே வழங்கினர். சராசரி 10 ஆண்டுக்கு மேல் நின்றவை மிகு உறுதியுடையவை. 5 முதல் 10 ஆண்டு நின்றவை உறுதியுடையவை. 2 முதல் 5 ஆண்டு நின்றவை நடுத்தரம். 2 ஆண்டுக்குள் அழிந்தவை உறுதியற்றவை. செங்கால் முதல் வகுப்பில் நின்றது. ரப்பர் மரம் கடைசி வகுப்பில் நின்றது.

தோட்டத்து மரமும் வெங்காரமும்

ரப்பரின் பெயர் வரும்போது மலாக்காவை மறத்தல் இயலாது. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவரால் 1896-இல் ஏறத்தாழ 40 ஏக்கரில் தொடங்கப்பெற்றது. அடுத்து அவர் புக்கிட் அசாகானில் பெருந்தோட்டம் அமைத்தார். அவற்றைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்தனர். லயங்களின் ஓரத்தில் மாரியம்மனுக்கும் முனீசுவரருக்கும் மரமும் தகரமும் கொண்டு சிறுகோயில்கள் எழுப்பினர்.

அவர்கள் நாளும் பால்வெட்டிய மரம், 25 அல்லது 30 ஆண்டுகளில் பால் வற்றியபின், விறகாகவே கழிந்தது. பூஞ்சையும் வண்டும் அதனை எளிதில் தாக்கியதே காரணம். அம்மரத்தை இன்று உலகெங்கும் மேசை நாற்காலிகளாக ஏற்றுமதி செய்யும் நிலைக்கு உயர்த்தியது வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த மருந்தாகும். மனிதருக்குத் தீங்கு மிகக் குறைந்த மருந்துகளுள் அதுவும் ஒன்று. எனினும் அதற்கொரு குறை உண்டு. அது மரத்தோடு பிணைவதில்லை. நனைந்தால் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே கருவறையின் உட்கதவுக்கும், நனையாத பேழைக்கும், வாகனங்களுக்கும் அது நன்று. மழையில் நிற்கும் வெளிவாயிலுக்கு அதனை மட்டும் நம்புதல் ஆகாது. வெங்காரம் ஊட்டிய ரப்பர் மரத்தால் வெளிக்கதவு செய்வது, செலவைக் குறைப்பது போலத் தோன்றிச் செலவைப் பெருக்குவதாகும்.

மருந்தே நஞ்சானபோது

காமேசனின் மருந்து எழுபது ஆண்டுகள் உலகை ஆண்டது. அதன்பின் ஓர் ஐயம் வலுத்தது. மரத்தோடு பிணைந்துவிட்டதாகக் கருதிய ஆர்சனிக் சிறிதளவு வெளியேறுகிறது. அதைத் தொடும் குழந்தைகளின் கைகளில் ஒட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு அதனை ஊட்டுவது நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவில் 2004-இலும், ஆஸ்திரேலியாவில் 2006-இலும் கைபடும் இடங்களுக்கு அதனைப் பயன்படுத்துவது கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு மாற்றாகச் செம்பை முதன்மையாகக் கொண்டு, ஆர்சனிக் இல்லாத மருந்துகள் வழக்கிற்கு வந்தன.

கோயில்களைப் பொறுத்தவரை இதில் மற்றோர் அச்சமும் உண்டு. அதனை அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். சி.சி.ஏ. ஊட்டிய மரத்தை எரித்தால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையோடு கலக்கும். எஞ்சியது சாம்பலில் செறிந்து தங்கும். திருப்பணி நடைபெறும் ஆலயத்தில் பழைய கதவின் துண்டுகளும் புதிய மரத்தின் வெட்டுத்துண்டுகளும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். விழா நெருங்கும்போது விறகு தேவைப்படும். பொங்கல் அடுப்பிற்கோ, அன்னதானச் சமையலுக்கோ, தீமிதிக் குழிக்கோ அத்துண்டுகளை நல்லெண்ணத்துடன் யாரேனும் எடுத்து இட்டுவிடக் கூடும். புகையைச் சுவாசிப்போரும் தீக்குழியில் வெறுங்காலுடன் இறங்குவோரும் அந்தச் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்வோரும் நம் மக்களே. காப்பு மருந்து என்று வாங்கியது அன்பர்க்கு நஞ்சாக முடிந்துவிடலாகாது.

ஊட்டிய புதிதில் இம்மரம் பசுமை சாயலாகத் தோன்றும். சில ஆண்டுகளில் வெளுத்துப் பிற மரம் போலவே நரைத்துவிடும். கண்ணால் கண்டு பிரித்தறிவது அரிது. ஆகவே பழைய கட்டையின் வரலாறு தெரியாதபோது அதனை எரிக்காமலிருப்பதே அறிவுடைமை. ஓமத்திற்கும் சமையலுக்கும் தீமிதிக்கும் மருந்தேறாத விறகையே தனியாக வாங்கி வைத்தல் வேண்டும்.

பழைய வண்ணப்பூச்சிலும் இத்தகைய மறைபொருள் உண்டு. முற்காலத்து எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. குடமுழுக்கை முன்னிட்டுப் பழைய கதவை உலர்நிலையில் உரசித் தேய்க்கும்போது எழும் தூசி, தொண்டூழியம் செய்யும் இளைஞரின் நெஞ்சில் இறங்குகிறது. நனைத்துச் சுரண்டுதலும் முகமூடி அணிதலும் தூசியைத் திரட்டி அப்புறப்படுத்தலும் இன்றியமையாதவை.

எதைத் தேர்வது?

மரத்திற்கேற்ற மருந்து என்பதே முதல் விதி. செங்கால், பாலாவ் முதலிய வன்மரங்களின் வைரப்பகுதி மருந்தை ஏற்பதில்லை; எத்துணை அழுத்தம் தந்தாலும் உட்புகாது. அத்தகைய மரத்திற்கு நஞ்சு மருந்தூட்டப் பணம் செலவிடுவது வீண். அதற்குத் தேவை வெயிலும் ஈரமும் தாக்காத மேற்காப்பு மட்டுமே. மாறாக, கெம்பாஸ், கெருயிங் முதலியவை மருந்தை நன்கு ஏற்பவை. அவற்றால் வெளிவாயில் அமைப்பின் தொழிற்சாலையில் அழுத்த முறையில் ஆர்சனிக் அற்ற செம்பு மருந்தை ஊட்டி வாங்குதல் நலம். அளவெடுத்து அறுத்துத் துளையிட்டு முடித்தபின் மருந்தூட்டுவதே முறை. பின்னர் அறுக்க நேர்ந்தால் வெட்டுவாயில் மருந்தை மீண்டும் தோய்க்க வேண்டும். செம்பு மருந்து சாதாரண இரும்பாணியை விரைவில் அரிக்கும். ஆகவே துருப்பிடிக்காத எஃகாணியோ தடித்த துத்தநாகப் பூச்சுள்ள ஆணியோ பயன்படுத்துதல் வேண்டும்.

மேற்காப்பில் இருவகை உண்டு. எண்ணெய் வண்ணமும் வார்னிசும் மரத்தின்மேல் ஏடு போலப் படிபவை. புதிதில் அழகு மிக்கவை. ஆயினும் ஏடு வெடித்தபின் மழைநீர் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றித் தங்கும். அப்போது பூச்சே பகையாகிவிடும். ஆளிவிதை எண்ணெய் போன்று மரத்திற்குள் ஊறும் எண்ணெய்கள் வெடித்து உரிவதில்லை. மங்கும்போது துடைத்து மீண்டும் பூசினால் போதும். எனினும் தனி ஆளிவிதை எண்ணெயில் இந்நாட்டு ஈரக்காற்றில் கரும்பூஞ்சணம் படியும். ஆதலால் பூஞ்சைத் தடுப்பும் வெயிலைத் தாங்கும் நிறமும் சேர்ந்த எண்ணெயையே வெளிக்கதவுக்குக் கொள்ள வேண்டும். அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி எறிந்தால் அவை தாமே சூடேறித் தீப்பற்றும். வேலை முடிந்ததும் அவற்றை நீரில் நனைத்து விரித்து உலர்த்த வேண்டும்; அரங்கின் மூலையில் குவித்துவிடக் கூடாது.

நல்லெண்ணெயும் வேப்பெண்ணெயும் நம் மரபில் இடம்பெற்றவை. வேப்பெண்ணெய்க்குப் பூச்சிகளை விலக்கும் இயல்பு உண்டு. ஆனால் மழையில் நெடுநாள் நில்லாது. நல்லெண்ணெய் எளிதில் உலராமல் பிசுபிசுத்து, விளக்குப் புகையையும் தூசியையும் ஈர்த்துக்கொள்ளும். மழைபடாத உட்கதவில் சிறிதளவு தடவித் துடைப்பதில் தவறில்லை. வெளிவாயிலின் காப்பை அவற்றிடம் ஒப்படைத்தல் இயலாது.

கறையானுக்கு மருந்து மரத்தைக் காட்டிலும் நிலத்திலேயே மிகுதியும் வேண்டப்படுகிறது. நிலைக்காலின் அடியைக் கல்லின்மேல் உயர்த்துதல், சுற்றியுள்ள செத்தை, மரத்துண்டு, அட்டைப்பெட்டிகளை அகற்றுதல், மாதந்தோறும் மண்குழாய் தென்படுகிறதா என நோக்குதல் ஆகியவை செலவில்லாத காப்புகள்.

இவையனைத்தையும் நிலைபெறச் செய்வது ஒரு பதிவேடு. எம்மரம், எந்த மருந்து, எந்த ஆண்டு, யார் மேற்பார்வை, அடுத்த பராமரிப்பு எப்போது என ஐந்து செய்திகளை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். நிருவாகக் குழு மாறும், செயலாளர் மாறுவார், ஏடு மாறாது. எந்தக் கட்டையை எரிக்கலாம், எதை எரிக்கலாகாது என்பதை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வல்லதும் அதுவே.

கதவைக் கைவிடலாமா?

மரக்கதவைப் பராமரிப்பது தொல்லை எனக் கருதி அதனைக் கழற்றிவிட்டு எஃகுக் கதவு பொருத்தும் வழக்கம் பெருகியுள்ளது. பாதுகாப்புக் கருதி வெளிமதிலுக்கு அது பொருந்தலாம். ஆயினும் பழைய செங்கால் கதவைத் தூக்கியெறியுமுன் ஒருமுறை சிந்தித்தல் நன்று. அத்தகைய முதிர்ந்த செங்கால் இன்று எளிதில் கிடைப்பதில்லை. அடி உளுத்த கதவில் உளுத்த பகுதியை மட்டும் அறுத்து அதே இன மரத்தை ஒட்டுப்போட்டுப் பிழைக்கச் செய்யலாம். தங்கக் கொல்லர் தெருவையொட்டி நிற்கும் செங் ஹூன் தெங் சீனக்கோயில், மரபு வழிக் கைவினை முறைகளைக் கொண்டு புதுப்பிக்கப்பெற்றமைக்காக 2002-இல் யுனெஸ்கோ அமைப்பின் ஆசிய பசிபிக் வட்டாரப் பாராட்டைப் பெற்றது. 2008-இல் மலாக்கா நகரம் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அண்டை வீட்டார் தம் மரத்தைக் காத்த முறை நமக்கும் பாடமாகட்டும்.

தோட்டங்கள் விற்கப்படும்போதும் வீடமைப்புத் திட்டங்களாக மாறும்போதும் தோட்டக் கோயில்கள் இடம்பெயர நேர்கிறது. அப்போது சுவரைப் பெயர்த்துச் செல்ல இயலாது. தரையைச் சுருட்டிச் செல்ல இயலாது. திருவுருவையும், மணியையும், கதவையும் கொண்டு செல்ல இயலும். பால்வெட்டிக் களைத்த கைகள் தொட்டுத் தொட்டு வழுவழுப்பேறிய நிலைக்கதவு புதிய ஆலயத்தில் மீண்டும் நிற்குமாயின், பாட்டனும் பாட்டியும் நுழைந்த அதே வாயிலில் பேரரும் நுழைவர்.

அக்கதவு அதுவரை உயிரோடிருக்க வேண்டுமானால், உலர்ந்திருக்கச் செய்யும் அமைப்பும், மரமறிந்து தேர்ந்த மருந்தும், ஆண்டுதோறும் அதனைத் தட்டிப் பார்க்கும் ஒரு கையும் வேண்டும். இம்மூன்றனுள் விலைக்குக் கிடைப்பது மருந்து ஒன்றே. ஏனைய இரண்டும் அன்பர்தம் தொண்டினால் அமைவன. திருக்கதவம் திறந்திருக்கும் இடந்தோறும் திருவருள் நிறைவதாகுக.